வராமல் போனவர்களைத் தேடிப் போவோம்

ஜுமுஆ பயான் – முதியோரின் உடல், மனம், நினைவு: நம் கடமைகள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.

அல்லாஹுத்தஆலாவின் மாபெரும் கிருபையால் இன்னொரு ஜுமுஆவில் நாம் ஒன்று கூடியிருக்கிறோம். பலருடைய வாழ்வில் சென்ற ஜுமுஆவே கடைசி ஜுமுஆவாக ஆகிவிட்டது. நமக்கு இந்த ஜுமுஆவைக் கொடுத்த ரப்புக்கே எல்லாப் புகழும்.

இன்றைக்கு ஒரு சின்ன வேண்டுகோளோடு ஆரம்பிக்கிறேன். தொழுகை முடிந்து வெளியே போகும்போது முதல் ஸஃப்பை ஒரு தடவை பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த ஸஃப்பில் யார் யார் நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிலர் மண்ணறைக்குப் போய்விட்டார்கள். அல்லாஹ் அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆனால் சிலர் மவ்த்தாகவில்லை. இதே ஊரில், இதே தெருவில் இருக்கிறார்கள். பள்ளிக்கு மட்டும் வருவதில்லை. அவர்களைப் பற்றித்தான் இன்றைய பயான்.

முதுமை பற்றி குர்ஆன்

முதுமையைப் பற்றி குர்ஆன் பூசி மெழுகிப் பேசவில்லை. ரூம் சூராவின் 54-வது வசனத்தில் மனிதனைப் பலவீனத்திலிருந்து படைத்து, பிறகு பலத்தைக் கொடுத்து, அந்தப் பலத்துக்குப் பிறகு மறுபடியும் பலவீனத்தையும் நரையையும் ஆக்கியவன் தானே என்று அல்லாஹ் சொல்கிறான். யாஸீன் சூராவின் 68-வது வசனத்தில், யாருக்கு நீண்ட வயதைக் கொடுக்கிறானோ அவரை அவருடைய படைப்பில் தலைகீழாகத் திருப்புவதாகச் சொல்கிறான். நடந்தவர் தவழுகிறார், ஊட்டியவருக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது.

நஹ்ல் சூராவின் 70-வது வசனமும் ஹஜ் சூராவின் 5-வது வசனமும் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. உங்களில் சிலர் தள்ளாத வயதுக்குத் திருப்பப்படுவார்கள், எல்லாம் அறிந்திருந்தவர் ஒன்றுமே அறியாதவராக ஆகிவிடுவார் என்று அந்த வசனங்கள் சொல்கின்றன. இன்றைக்கு டாக்டர்கள் டிமென்ஷியா என்று சொல்கிற மறதி நோயின் நிலை 1400 ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆனில் பேசப்பட்டிருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் இந்த நிலையை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். கஞ்சத்தனம், கோழைத்தனம், தள்ளாத வயதுக்குத் திருப்பப்படுவது, உலகத்தின் சோதனை, கப்ரின் வேதனை ஆகிய இவற்றை விட்டும் பாதுகாவல் தேடும் துஆவை ஸஅத் (ரலி) அவர்கள், ஆசிரியர் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதைப் போலத் தம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று புகாரியில் வருகிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நபியே பாதுகாவல் தேடிய ஒரு சோதனை ஒரு மனிதருக்கு வந்துவிட்டால், அது அவருடைய குற்றமல்ல, ஈமான் குறைவும் அல்ல. அவரைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு மனிதர் எப்படி மறைந்து போகிறார்?

சகோதரர்களே! நம்முடைய கரிசல் பூமியின் பெரியவர்களை எடுத்துக் கொள்ளுங்கள். மழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் கம்பும் போட்டு உழைத்த உடம்பு. மில்லில் ஷிப்டு பார்த்த உடம்பு. தீப்பெட்டி ஆபீஸில் முப்பது, நாற்பது வருடம் குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்த உம்மாமார்கள். அறுபது வயது தாண்டும்போது முதலில் முழங்கால் போகிறது. கண்ணில் புரை விழுகிறது. காது மந்தமாகிறது.

முழங்கால் போனதும் என்ன நடக்கிறது? முதலில் ஃபஜ்ரும் இஷாவும் நிற்கிறது. பிறகு ஐந்து வக்தும் நிற்கிறது. கடைசியில் ஜுமுஆவும் நிற்கிறது. பள்ளிக்கு வராததனால் தொழுகைக்குப் பிறகு வாசலில் நின்று பேசுகிற பேச்சு நிற்கிறது. டீக்கடை நிற்கிறது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், 'நீங்க எதுக்கு அத்தா அலையணும், நாங்க போயிட்டு வாரோம்' என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாசம் அவரை வீட்டுக்குள் பூட்டுகிறது.

காது கேட்கவில்லை என்பதால் வீட்டிலும் அவரிடம் பேசுவது குறைகிறது. ஒரு தடவை சொன்னது கேட்காவிட்டால், 'ஒண்ணுமில்ல விடுங்க' என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகளில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் வளைகுடாவில். பேச ஆளில்லை. மனம் சோர்ந்து போகிறது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. மனம் சோர்ந்ததும் நினைவும் மங்குகிறது. நினைவு மங்கியதும் வெளி ஆட்கள் முன்னால் அவர் வருவது குடும்பத்துக்கே சங்கடமாகிறது. இன்னும் உள்ளே தள்ளப்படுகிறார்.

முழங்காலில் தொடங்கியது மூளையில் போய் முடிகிறது. இடையில் இருந்த ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் கை கொடுத்திருந்தால் பாதை மாறியிருக்கலாம்.

இது ஊகம் இல்லை. 2017-18-இல் நம் நாடு முழுவதும் 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் அதிகமானவர்களிடம் லாசி என்கிற பெரிய ஆய்வு நடந்தது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஆனால் டாக்டரிடம் காட்டி, இது மனச்சோர்வு என்று தெரிந்துகொண்டவர்கள் 0.8 சதவீதம்தான். பத்துப் பேர் சோர்ந்து கிடந்தால் ஒருவருக்குத்தான் அது நோய் என்றே தெரிகிறது.

அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2023-இல் வந்த முடிவின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது இந்தியாவில் சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தை விடக் கிராமத்தில் அதிகம்.

தமிழ்நாட்டில் 2021 மதிப்பீட்டின்படி 100 பேரில் 13 அல்லது 14 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031-இல் அது 18 ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இது யாரோ ஒரு வீட்டின் பிரச்சினை இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் வாலிபர்களே, இன்ஷா அல்லாஹ் வயது கிடைத்தால், இது உங்களுடைய கதையும்தான்.

இத்பான் (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போன நபி

இப்போது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

இத்பான் இப்னு மாலிக் (ரலி) அன்சாரித் தோழர். பத்ரில் கலந்துகொண்டவர். தம்முடைய கூட்டத்தாருக்கு இமாமாக நின்று தொழ வைத்தவர். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. மழை பெய்தால் அவருக்கும் பள்ளிக்கும் இடையில் உள்ள ஓடையில் தண்ணீர் ஓடும், அவரால் கடந்து போக முடியாது. நபியவர்களிடம் வந்து, தாங்கள் என் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அந்த இடத்தை நான் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வேன் என்று வேண்டினார். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற செய்தி இது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஹதீஸை விளக்க வேண்டியதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வாலிபர்களே வழுக்கி விழுவார்கள். கண் தெரியாத ஒரு பெரியவர் என்ன செய்வார்?

நபி (ஸல்) அவர்கள் அவரிடம் இன்ஷா அல்லாஹ் என்றார்கள். 'ஒரு நாள் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுகிற இன்ஷா அல்லாஹ் இல்லை அது. மறுநாளே, வெயில் ஏறிய நேரத்தில், அபூபக்ர் (ரலி) அவர்களையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டுக்குள் வந்து உட்காரக்கூட இல்லை. எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று கேட்டார்கள். அவர் காட்டிய இடத்தில் நின்று இரண்டு ரக்அத் தொழ வைத்தார்கள். பிறகு மாவும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்த உணவுக்காக அவர்களை இருக்க வைத்தார்கள். செய்தி பரவி அந்தப் பகுதி ஆண்களெல்லாம் அந்த வீட்டில் கூடிவிட்டார்கள்.

கவனியுங்கள். பார்வை குறைந்த ஒருவர் பள்ளிக்கு வர முடியவில்லை. பள்ளியே அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. தொழுகை நடந்தது, சாப்பாடு நடந்தது, தெருவே கூடியது. பார்வையை நபியவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வைக் குறைவு அவரைத் தனிமைப்படுத்தாமல் பார்த்துக்கொண்டார்கள்.

மக்கா வெற்றியின் நாளில் அபூபக்ர் (ரலி) தம் தந்தை அபூகுஹாஃபாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முதியவர், கண் பார்வை இல்லாதவர், அதுவரை இஸ்லாத்திலும் இல்லை. அவரைக் கண்டதும் நபியவர்கள், பெரியவரை வீட்டிலேயே இருக்க விட்டிருக்கக் கூடாதா, நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற கருத்தில் சொன்னார்கள். ஊரையே வென்ற நாளில், பத்தாயிரம் பேர் படையோடு நிற்கிற தலைவர் சொன்ன சொல் இது. அந்தக் கண்ணியத்தைப் பார்த்த அபூகுஹாஃபா அன்றே இஸ்லாத்தை ஏற்றார்.

பள்ளியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை நாம் அறிவோம். உம்மு மிஹ்ஜன் என்று சில அறிவிப்புகளில் பெயர் வருகிறது. ஒரு நாள் அவரைக் காணவில்லை. நபி (ஸல்) அவர்கள்தான் முதலில் விசாரித்தார்கள். இறந்துவிட்டார், அடக்கிவிட்டோம் என்றார்கள். சாதாரணப் பெண்தானே, இதற்காக நபியவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள். யார் வரவில்லை என்பதைக் கவனிப்பதும் சுன்னத்து. நாம் அதை மறந்துவிட்டோம்.

யஃகூப் (அலை): அழுத கண்கள்

மனச்சோர்வு வந்த பெரியவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? 'ஈமான் உள்ளவருக்கு என்ன கவலை? திக்ரு செய்யுங்க, எல்லாம் சரியாகும்.' திக்ரினால் உள்ளம் அமைதி பெறும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கவலைப்படுகிறவரை ஈமான் குறைந்தவர் என்று சொல்ல குர்ஆன் நம்மை விடவில்லை.

யூசுஃப் சூராவைப் பாருங்கள். யஃகூப் (அலை) நபி. நபியின் மகன், நபியின் பேரன். பிரிவின் துயரத்தில் அவர்களுடைய இரு கண்களும் வெளுத்துப் போயின என்று 84-வது வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான். வீட்டார் என்ன சொன்னார்கள்? யூசுஃபையே நினைத்து நினைத்து உருக்குலைந்து போவீர்கள், அல்லது செத்தே போவீர்கள் என்றார்கள். அதற்கு அவர்கள், என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்றார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை, அல்லாஹ்விடம் சொன்னார்கள்.

பிறகு 94-வது வசனம். மிஸ்ரிலிருந்து சட்டை புறப்பட்டதும், யூசுஃபின் வாசனை எனக்கு வருகிறது, நான் வயதாகிப் புத்தி தடுமாறிப் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்காமல் இருந்தால் சொல்கிறேன் என்கிற கருத்தில் பேசினார்கள். ஒரு நபியே தம் வீட்டில், 'என்னைப் புத்தி தடுமாறியவன் என்று சொல்லிவிடாதீர்கள்' என்று தயங்கிப் பேச வேண்டியிருந்தது. அப்படியும் வீட்டார், நீங்கள் பழைய தடுமாற்றத்திலேயே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் யார் சொன்னது உண்மையானது? அந்த முதியவர் சொன்னதுதான்.

சகோதரர்களே! நம் வீட்டுப் பெரியவர்களும் இப்படித் தயங்கித் தயங்கித்தான் பேசுகிறார்கள். 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு', 'ராத்திரி தூக்கம் வரல', 'அந்தப் பத்திரத்துல ஏதோ சரியில்ல'. நாம் 'வயசாயிட்டா அப்படித்தான்' என்று முடித்துவிடுகிறோம். பிள்ளையின் சட்டை முகத்தில் பட்டதும் யஃகூப் (அலை) அவர்களுக்குப் பார்வை திரும்பியது. அது அல்லாஹ்வின் முஃஜிஸா. ஆனால் பிரிந்த பிள்ளையின் நெருக்கம் ஒரு தகப்பனுக்கு எவ்வளவு பெரிய மருந்து என்பதை அதிலிருந்து நாம் விளங்க வேண்டாமா? வெளிநாட்டில் இருப்பவர்களே! பணம் அனுப்புகிறீர்கள், அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆனால் போன் செய்யும்போது, 'மாத்திரை போட்டீங்களா, பணம் வந்துச்சா' என்பதோடு வைத்துவிடாதீர்கள். பழைய கதையைக் கேளுங்கள். அவர் பேசட்டும்.

முதுமைக்கு மருந்தில்லை, முதியவருக்கு மருந்துண்டு

வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள், வைத்தியம் செய்யுங்கள், அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய மருந்தில்லாமல் இறக்கவில்லை, முதுமை ஒன்றைத் தவிர என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வருகிறது. இதைச் சிலர் தவறாக விளங்கிக்கொண்டு, வயதானவருக்கு வைத்தியம் எதற்கு என்கிறார்கள். மருந்தில்லை என்று சொல்லப்பட்டது முதுமைக்கு. முதுமையில் வருகிற நோய்களுக்கு அல்ல.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கான 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகத்தில் வரும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அதில் காது மந்தம், பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடல் அசைவின்மை, புகை, மது ஆகியவை இருக்கின்றன. மது ஹராம், நமக்குப் பேச்சே இல்லை. மற்றவற்றில் எதைக் கவனிக்கிறோம்? பேரனின் கண்ணாடிக்கு உடனே திருநெல்வேலி போகிறோம். பெரியவரின் காது மிஷினுக்கு, 'இனி இந்த வயசுல எதுக்கு' என்கிறோம்.

இன்னொரு முக்கியமான விஷயம். மறதி எல்லாமே மறதி நோய் இல்லை. மனச்சோர்வினாலும் மறதி வரும். தைராய்டு குறைவினாலும், பி12 சத்துக் குறைவினாலும், சில மாத்திரைகளாலும் வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், தெரிந்த தெருவில் வழி தவறினால், ரக்அத் கணக்கு அடிக்கடி தவறினால், பிள்ளைகளைச் சந்தேகப்பட்டால், உடனே சூனியம், ஜின் என்று ஓடாதீர்கள். ஓதிப் பார்ப்பது நல்லதுதான், ஓதுங்கள். அதோடு டாக்டரிடமும் காட்டுங்கள்.

கோவில்பட்டி அரசு மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. மனச் சோர்வு பற்றிப் பேச 14416 என்ற எண் இருக்கிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோர் உதவிக்கு 14567. இந்த இரண்டு எண்களையும் போனில் பதிந்து வையுங்கள்.

நம் மண்ணில் பிறந்த ஒரு டாக்டர்

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்கிற கரிசல் கிராமத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முஸ்லிம் அல்லாத சகோதரர்தான். நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்வது முஃமினின் குணம். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவருடைய கை விரல்கள் கோணிவிட்டன. நீண்ட நாள் படுக்கையில் கிடந்தார். எழுந்த பிறகு கண் மருத்துவம் படித்து, அந்தக் கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். 1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இன்றைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் புரை எடுக்கத் திருநெல்வேலிக்குப் போகிற அரவிந்த் அதன் கிளைதான்.

கை ஊனம், ஓய்வு வயது. இரண்டையும் காரணம் காட்டி அவரை யாராவது திண்ணையில் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நபி (ஸல்) அவர்கள் கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்கு உதவித்தொகை மட்டும் கொடுத்து உட்கார வைக்கவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தாங்கள் வெளியூர் போனபோது மதீனாவில் தமக்குப் பதிலாக அவரை நியமித்தார்கள். நம் பெரியவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். மதரஸாப் பிள்ளைகளுக்கு சூரா கேட்கட்டும். வீட்டுக் கணக்கு எழுதட்டும். நம்மை யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்கிற நினைப்பே ஒரு மனிதரை எழுந்து உட்கார வைக்கும்.

'உன்னிடத்தில்'

பனீ இஸ்ராயீல் சூராவின் 23-வது வசனம் நம் எல்லோருக்கும் தெரியும். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்தால் அவர்களைப் பார்த்துச் 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது. அதில் ஒரு சொல்லை நாம் வேகமாக ஓதிக் கடந்துவிடுகிறோம். அவர்கள் 'உன்னிடத்தில்' முதுமையை அடைந்தால் என்கிறான் அல்லாஹ். உன் வீட்டில், உன் கண் முன்னால், உன் பொறுப்பில்.

'சீ' என்பது வாயால் மட்டும் வருவதில்லை. மூன்றாவது தடவை அதே கேள்வியைக் கேட்கும்போது விடுகிற பெருமூச்சும் 'சீ'தான். படுக்கையை நனைத்துவிட்டார் என்று தெரிந்ததும் சுளிக்கிற முகமும் 'சீ'தான். நாம் சின்ன வயதில் 'அது என்ன, அது என்ன' என்று நூறு தடவை கேட்டபோது அவர்கள் பதில் சொன்னார்கள். சிறு வயதில் என்னை வளர்த்தது போல அவர்களுக்கு ரஹ்மத் செய் என்று கேட்கும் துஆவை அடுத்த வசனத்தில் அல்லாஹ் கற்றுக்கொடுப்பது இதை நினைவூட்டத்தான்.

பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் தலைக்கூத்தல் என்கிற கொடுமை இருப்பது 2010-இல் பத்திரிகைகளில் வெளிவந்து நாடே அதிர்ந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவரை வீட்டாரே முடித்துவிடுவது. எந்தச் சமுதாயத்தையும் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. 'இனி இவரால் என்ன பயன்' என்ற எண்ணம் முற்றிப்போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன். உயிரைக் கொடுத்தவன் அல்லாஹ், எடுப்பவனும் அவனே. நினைவே இல்லாமல் படுத்திருப்பவருடைய உயிரும் நம் உயிரைப் போலவே கண்ணியமானது.

இன்னொரு பாவம் சத்தமில்லாமல் நடக்கிறது. நினைவு தடுமாறியவரிடம் கைநாட்டு வாங்குவது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் பகராவின் 282-வது வசனம், கடன் பத்திரத்தைப் பற்றியது. வாசகம் சொல்ல வேண்டியவர் அறிவு குறைந்தவராகவோ பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்று அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான். அவருடைய பலவீனம் நமக்கு வாய்ப்பு அல்ல, அமானிதம். தம்பிக்கும் அக்காவுக்கும் சேர வேண்டிய பங்கை அத்தாவின் மறதியை வைத்து எழுதி வாங்கியவர், அதை மஹ்ஷரில் சுமந்துகொண்டு வருவார். நாட்டின் சட்டமும் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். நம் பெற்றோர் அந்த வாசலில் நிற்கும் நிலையை அல்லாஹ் யாருக்கும் ஏற்படுத்தாமல் இருப்பானாக!

பார்த்துக்கொள்பவரைப் பாருங்கள்

குகையில் மாட்டிக்கொண்ட மூவரின் செய்தியில், வயதான பெற்றோருக்காகப் பால் பாத்திரத்தைக் கையில் ஏந்தி விடியும்வரை நின்றவரின் அமலால் பாறை விலகியது. நின்றவர் மகன். நம் வீடுகளில் விடிய விடிய நிற்பது யார்? பெரும்பாலும் மருமகள், அல்லது கல்யாணமாகாத மகள். பெற்றோரைப் பராமரிக்கும் கடமை பெற்ற பிள்ளைகள் மீதுதான். மருமகள் செய்வது அவளுடைய பெருந்தன்மை. அதை உரிமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றி சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு அவரை உம்மா வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். பார்த்துக்கொள்பவர் ஒடிந்துவிட்டால் இரண்டு பேரைப் படுக்கையில் பார்க்க வேண்டியிருக்கும்.

பள்ளியும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியது

நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழும்படி இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னார்கள். அனஸ் (ரலி) தள்ளாத வயதில் நோன்பு வைக்க முடியாதபோது ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தார்கள். அறிவே போய்விட்டவர் மீது பேனா உயர்த்தப்பட்டுவிட்டது, அவர் மீது குற்றமில்லை. மார்க்கம் இவ்வளவு இலகுவாக இருக்கும்போது, நாற்காலி போட்டுத் தொழும் பெரியவரை முறைத்துப் பார்க்கவும், ரக்அத் தவறியவரைச் சபையில் திட்டவும் நாம் யார்? மக்களில் பலவீனரும் நோயாளியும் முதியவரும் இருப்பதால் தொழுகையைச் சுருக்கமாக நடத்தும்படி இமாம்களுக்கே கட்டளை இருக்கிறது. இந்தக் கட்டளை எனக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, பள்ளிக்கு வர முடியாமல் போன பெரியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று மோதினாரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாலிபர்கள் பொறுப்பு. முடிந்தவரை ஜுமுஆவுக்கு வண்டியில் கூட்டி வர வேண்டும். முடியாதவரை அந்த வாரத்துக்குள் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு, வாசல் படியின் ஓரத்தில் ஒரு சரிவுப் பாதையும் கைப்பிடியும், ஒளு செய்யும் இடத்தில் உட்காரத் திண்டும், வெஸ்டர்ன் கழிப்பறை ஒன்றும் வேண்டும். பளிங்குக் கல்லுக்கு முன்னால் இதற்குச் செலவு செய்யுங்கள்.

மூன்று, வருடம் ஒரு தடவை கண், காது, சர்க்கரை, பிரஷர் முகாம் நடத்த வேண்டும். தெருவில் உள்ள எல்லா மதத்துப் பெரியவர்களையும் அழையுங்கள். அண்டை வீட்டாரின் உரிமை மதம் பார்த்து வருவதில்லை.

நான்கு, நம் உம்மாமார்கள். நம்முடைய பல பள்ளிகளில் பெண்கள் தொழ வருவதில்லை. கணவர் போன பிறகு, இத்தா முடிந்த பிறகும்கூட, அந்த வீட்டுக்கு வருகிற ஆட்கள் குறைந்துவிடுகிறார்கள். வாரம் ஒரு வீட்டில் வயதான பெண்கள் கூடி ஓதவும் பேசவும் வீட்டுப் பெண்கள் ஏற்பாடு செய்யட்டும். குருடர் மீதும் நொண்டி மீதும் நோயாளி மீதும் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு, சேர்ந்து சாப்பிடுவதைப் பற்றிப் பேசுகிறது நூர் சூராவின் 61-வது வசனம். கை நடுங்குகிறவருக்குத் தனித் தட்டைத் தனி அறைக்கு அனுப்பாதீர்கள். ஒரே ஸஹனில் உட்கார வையுங்கள்.

சகோதரர்களே! இவ்வளவும் கேட்டுவிட்டு நாளைக்கு என்று வைக்காதீர்கள். இத்பான் (ரலி) வீட்டுக்கு நபியவர்கள் மறுநாளே போனார்கள். இன்று அஸருக்குப் பிறகு ஒரு பெரியவரின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பத்து நிமிடம் போதும். வெறுங்கையோடு போக மனமில்லையென்றால் பல்லுக்கு ஏற்ற மிருதுவான பழம் வாங்கிக்கொள்ளுங்கள். ஸலாம் சொல்லி, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சத்தமாக, நிதானமாகப் பேசுங்கள். உங்கள் பெயர் அவருக்கு நினைவில்லாவிட்டால், 'என்னைத் தெரியலையா' என்று பரீட்சை வைக்காதீர்கள். 'நான் இன்னார் மகன்' என்று நீங்களே சொல்லுங்கள். வரும்போது துஆச் செய்யச் சொல்லுங்கள். துஆச் செய்யச் சொல்லி அவரிடம் எத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லையோ!

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோர்களுக்கு ஆரோக்கியத்தோடு கூடிய நீண்ட ஆயுளைக் கொடுப்பாயாக! மறைந்தவர்களின் பிழைகளைப் பொறுப்பாயாக! படுக்கையில் இருப்பவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தருவாயாக! தள்ளாத வயதின் சிரமத்தை விட்டும் எங்களைக் காப்பாயாக! அந்த நிலை எங்களுக்கு விதிக்கப்பட்டிருந்தால், எங்கள் கையைப் பிடிக்க நல்ல பிள்ளைகளையும் நல்ல அண்டை வீட்டாரையும் தருவாயாக! கடைசி மூச்சில் எதை மறந்தாலும் கலிமாவை மறக்காதவர்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் ஜமாஅத்தில் ஒருவர்கூடத் தேடப்படாதவராக ஆகிவிடாமல் பாதுகாப்பாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.